கிள்ளைக் கடற்கரையில் வீட்டுப் பூனை

வீட்டுப் பூனை, மாமிச உணவையே நம்பி வாழும் பூனைக் குடும்பத்தின் சிற்றுருப் பிராணிகளுள் ஒன்று. விலங்கியலார் இதற்கு இட்ட பெயர் ஃபீலிஸ் கேட்டஸ். எலியையும் பல்லியையும் சிறு பறவைகளையும் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும் வேட்டைப் பிராணியாக இருந்துகொண்டே, மனிதருடைய மடியிலும் படுக்கையிலும் உரிமையோடு இடம்பிடித்து, அவர்கள் காட்டும் பிரியத்தை ஏற்று, தன் பிரியத்தையும் தனக்குத் தோன்றிய வேளையில் தனக்குத் தோன்றிய விதத்தில் காட்டிவரும் இதன் சுபாவம், வளர்ப்பவருக்கு இன்பத்தையும் உபத்திரவத்தையும் ஏறக்குறையச் சமமாகவே தந்துவருகிறது. அந்தக் கூட்டு வாழ்க்கை கடலூர் மாவட்டத்துக் கிள்ளையையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னிட்டு இங்கே விவரிக்கப்படுகிறது.

இடமும் பிராணியும்

கிள்ளை, சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடைப்பட்ட உப்பங்கழிப் பிரதேசத்தில் அமைந்த பேரூர். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் ரயில் பாதையில் பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இதன் நிலையம் இருக்கிறது. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அடர்ந்து ஏறக்குறைய 1,100 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு ஊரை ஒட்டியே இருப்பதால், இங்குள்ள மக்களில் கடலில் வலை வீசுவோரும், கழியில் இறாலும் நண்டும் பிடிப்போரும், நெல் விளைவிப்போரும் கலந்து வாழ்கிறார்கள். கடல் மீன், கழி மீன், நெற்குதிர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடிய ஊரில் எலியும் பெருகும், எலியை நாடிப் பூனையும் வரும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நைலான் வலையை ஒரே இரவில் கடித்துப் பாழாக்கிவிடும் எலியைக் கருதினால், வலை வைத்திருக்கும் வீட்டில் பூனை செல்லப் பிராணி மட்டுமன்று, காவலும் ஆகும்.

மீனவர் வீடுகளில் முற்பகல் வேளையில் நிகழும் ஒரு காட்சி, பூனையின் சுபாவத்தை ஏட்டைவிட நன்றாக விளக்கும். அரிவாள்மணையின் முன் அமர்ந்து, வழுக்கும் மீனைச் சாம்பலில் புரட்டிப் பிடித்து, செதில் சீவிச் செவுளையும் குடலையும் அகற்றும் பெண்ணின் பக்கத்தில், கைக்கு எட்டாத, ஆனால் ஒரே தாவலில் எட்டிவிடக்கூடிய தூரத்தைத் துல்லியமாக அளந்து பூனை உட்கார்ந்திருக்கும். முன்னங்கால்களை ஒன்றாகச் சேர்த்து அவற்றைச் சுற்றி வாலைப் போர்த்தி, கண்களைப் பாதி மூடி, உலக விவகாரங்களில் பற்றற்றது போலத் தோன்றினாலும், காதுகள் இரண்டும் கத்தி விழும் ஓசையையே தொடர்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். குடல் வீசப்பட்டால் கவ்விக்கொண்டு விலகும். வீசத் தாமதித்தால் எழுந்து வந்து அவள் முழங்கையில் தலையால் முட்டும். அவள் வாசற்படியில் வந்து நிற்பவரைப் பார்க்கத் திரும்பினாளோ, சட்டியிலிருக்கும் சங்கராவில் ஒன்று காணாமற்போகும். முட்டியதும் பிரியமே, திருடியதும் பிரியத்தால் வந்த உரிமையே என்பது பூனையின் சித்தாந்தம். அவளுடைய வசவைக் கேட்ட பின்னும் மாலையில் அதே பூனை அதே மடியைத் தேடி வரும், அவளும் இடம் கொடுப்பாள்.

தோற்றம்

வீட்டுப் பூனை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் இன்றும் திரியும் ஃபீலிஸ் லிபிக்கா என்னும் காட்டுப்பூனையின் வழியில் வந்தது என்பதை 2007ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆராய்ச்சி நிலைநாட்டியது. தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கிய ஆதி விவசாயிகளின் களஞ்சியங்களுக்கு எலி வர, எலிக்காகப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதனுடைய எலும்புகளுக்கு அருகில் பூனை ஒன்றின் முழு எலும்புக்கூடும் கிடைத்த செய்தி 2004இல் வெளியாயிற்று. நாயை மனிதன் தன் காரியத்துக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தான். பூனையோ தானாக வந்து, பெரும்பாலும் தான் விரும்பிய துணையோடு தானே இனம்பெருக்கிக்கொண்டது. ஏவலுக்குக் கட்டுப்படும் குணம் அதனிடம் ஏன் இல்லை என்று வியப்பவர் இந்தப் பூர்வ சரித்திரத்தை நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் வேறொரு காட்டுப்பூனையும் உண்டு. சங்க நூல்களில் வெருகு எனப்படும் அது, நீண்ட கால்களும் குட்டை வாலும் உடையது. குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், விடியலை அறிவித்துத் தன்னை எழுப்பிவிட்ட சேவலை ஒரு தலைவி, நடுயாமத்தில் வீட்டெலியைத் தேடும் வெருகுக் குட்டிக்கு நீ நெடுநாள் இரையாகக் கடவாய் என்று சபிக்கிறாள். காட்டிலிருந்த பூனை வீட்டெலியைத் தேடி மனையருகே நடமாடியது அக்காலத்துக் கண்கூடான செய்தியாக இருந்திருக்கிறது.

கலையிலும் சமயத்திலும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனையையும், அதனை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கியிருக்கிறான். கம்பர் இராமகாதையின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். வைணவத்தில் தென்கலையார் கூறும் மார்ஜார நியாயம் இவற்றினும் கனிவுடையது: குட்டி எவ்வித முயற்சியும் செய்யாதிருக்க, தாய்ப்பூனை தானே அதன் பிடரியைக் கவ்விச் சுமந்து பத்திரமான இடம் சேர்ப்பதுபோல, இறைவன் தன்னைச் சரணடைந்த ஜீவனைத் தானே காக்கிறான் என்பது அதன் கருத்து. பிடரியைக் கவ்வியதும் குட்டி கைகால்களைச் சுருட்டிக்கொண்டு அசைவற்றுத் தொங்குவதை நேரில் கண்டவருக்கு இந்த உவமையின் பொருத்தம் விளங்கும்.

இஸ்லாமியரிடையேயும் பூனைக்கு மதிப்பு மிகுதி. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவர் பூனையோடு கொண்டிருந்த நேசத்தால் அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, என்றே வழங்கப்பட்டார். பூனை வாய்வைத்த நீர் அசுத்தமாவதில்லை என்பதும் அம்மார்க்கத்தின் விதி. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலில் தீர்த்தவாரி கொள்ள எழுந்தருளும்போது இவ்வூர்த் தர்காவின் சார்பில் மரியாதை செய்யப்படுவது நெடுங்கால வழக்கமாக இருக்க, இரு சமயத்தாரும் பூனையைப்பற்றி நல்ல அபிப்பிராயமே கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லலாம். ஆயினும் புறப்படும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். சகுனம் பார்ப்பவர் வீட்டுப் பூனை அன்றாடம் பத்து முறை குறுக்கே போவதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்பின் அடையாளங்கள்

பூனை தன் பிரியத்தைக் காட்டும் முறைகள் பல. அவற்றுட் சில, அறியாதவருக்குத் தொல்லையாகவே தோன்றும். கன்னத்தையும் நெற்றியையும் மனிதரின் காலில் உராய்வது, அவ்விடங்களிலுள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசி இவர் நம்மவர் என்று குறிப்பதாகும். வாலைக் கொடிக்கம்பம்போல நிமிர்த்தி வருவது நட்பின் அறிகுறி. மடியில் ஏறி முன்னங்கால்களால் மாறிமாறிப் பிசைவது, தாயின் மடியில் பால் சுரக்கப் பிசைந்த குட்டிப் பருவத்துப் பழக்கத்தின் மிச்சம். நகம் சேலையில் மாட்டி நூலை இழுத்தாலும் அதில் பகை ஏதுமில்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதிகமாகக் கத்திப் பேசிக்கொள்வதில்லை. மியாவ் என்னும் குரல் பெரும்பாலும் மனிதரை அழைப்பதற்கே பயன்படுகிறது. தொண்டைக்குள் எழும் கர் என்ற ஓசை திருப்தியைக் காட்டுவதே பெரும்பான்மை என்றாலும், நோயுற்ற பூனையும் பிரசவ வேதனையிலிருக்கும் பூனையும் அவ்வோசை எழுப்புவதுண்டு. ஆதலால் கர்ரென்கிறது, சுகமாக இருக்கிறது என்று எப்போதும் முடிவு கட்டிவிடலாகாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மனிதர் பூனையை நோக்கிக் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் அதுவும் அவ்வாறே செய்கிறது என்றும், அப்படிச் செய்பவரிடம் நெருங்கி வர முற்படுகிறது என்றும் காட்டியது. செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம்.

குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் இருப்பதற்குக் காரணமும் கண்ணால் காணத்தக்கதே. வேலியோரத்துக் குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால், அதுவரை அச்செடியைத் திரும்பியும் பாராத பூனை, புதிதாய் வெளிப்பட்ட வேரை மோந்து, நக்கி, அதன்மேல் தலையைத் தேய்த்து, மல்லாந்து புரண்டு, சிறிது நேரம் தன்னை மறந்து கிடக்கும். மேல்நாட்டார் தம் பூனைகளுக்குக் காசு கொடுத்து வாங்கும் மூலிகை செய்யும் வேலையை நம் குப்பைமேட்டுச் செடி இலவசமாகச் செய்துவிடுகிறது.

உபத்திரவங்கள்

அன்பான பூனையைப்பற்றி எழும் முறையீடுகளுள் முதன்மையானது, தடவிக்கொடுக்கும் கையையே கடிக்கிறது என்பது. மடியில் சுகமாகக் கிடந்து, தானே தலையை நீட்டித் தடவச் சொன்ன பூனை, சற்று நேரத்தில் அதே கையை முன்னங்கால்களால் கட்டிப் பிடித்து, பின்னங்கால்களால் உதைத்து, பல்லையும் பதித்துவிட்டு ஓடுவதை நன்றிகெட்ட செயலென்று மனிதர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முன்னறிவிப்பின்றிச் செய்வதில்லை: வாலின் நுனி துடிக்கத் தொடங்கும், காதுகள் பக்கவாட்டில் திரும்பும், முதுகுத்தோல் ஒருமுறை சிலிர்த்து அலைபோல் ஓடும், கர்ரென்ற ஓசை நின்றுபோகும். போதும் என்று நான்கு விதமாகச் சொல்லியும் கை நிற்காதபோதுதான் ஐந்தாவதாகப் பல் பேசுகிறது. கன்னமும் தாடையும் தடவுவதற்கு உகந்த இடங்கள். வயிறு பெரும்பாலான பூனைகளுக்கு ஆகாத இடம். கடித்தவுடன் அடிப்பது மிகப் பெரிய பிழை. ஏனெனில் அடியையும் கடியையும் பூனை காரண காரியமாக இணைப்பதில்லை. அடித்த மனிதனையும் பயத்தையும் மட்டுமே இணைத்துக்கொள்கிறது. அசையாமல் கையை விட்டுக்கொடுத்து, பிறகு எழுந்து போய்விடுவதே நல்லது. குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டி வளர்த்த வீடுகளிலேதான் இந்த வழக்கம் மிகுதி. விரலுக்குப் பதிலாகக் கயிற்றில் கட்டிய துணித்துண்டைக் காட்டியிருந்தால் பாதிக் கடிகள் நேர்ந்திரா.

அடுத்தது வேளை கெட்ட வேளையில் எழுப்புவது. பூனை நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குமாயினும், அதன் சுறுசுறுப்பு அந்தியிலும் விடியலுக்கு முன்னும் உச்சம் அடைகிறது; மனிதக் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறிலொரு பங்கே அதற்குப் போதும். விடியற்காலை நான்கு மணிக்கு முகத்தை நக்கி, தலைமுடியை இழுத்து, அலமாரியிலிருந்து டம்ளரைத் தள்ளிவிட்டு எழுப்பும் பூனையைச் சிதம்பரத்துக் கச்சேரி உத்தியோகஸ்தர் சபிப்பார். கிள்ளை மீனவர் வீட்டிலோ அந்நேரத்தில் அடுப்பு எரிந்து, படகுக்குப் போகிறவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அங்கே பூனைமீது இப்புகார் எழுவதில்லை. குற்றம் கடிகாரத்தின்பாற்பட்டது. உறங்கும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, அதன் பின் உணவிட்டால், வேட்டை, உணவு, உறக்கம் என்னும் இயற்கை வரிசையில் அதுவும் உறங்கிவிடும். விடியலில் அழுத குரலுக்கு இரங்கி ஒருமுறை எழுந்து மீன் வைத்தவர், மறுநாளும் எழ வேண்டியவரே.

நகத்தால் கீறுவது தீய எண்ணத்தால் நிகழ்வதன்று. நகத்தின் பழைய உறை கழலவும், உடம்பை நீட்டி முறிக்கவும், பாதத்தின் வாசனையைப் பதிக்கவும் அதற்கு ஒரு கரடுமுரடான நிற்கும் பொருள் வேண்டும். தென்னங்கயிறு இறுகச் சுற்றிய ஒரு கட்டையை, அது வழக்கமாகக் கீறும் இடத்துக்குப் பக்கத்திலேயே நாட்டிவிட்டால் கட்டில் காலும் பாயும் பிழைக்கும். மலஜல விஷயத்தில் கடற்கரைப் பூனை பாக்கியசாலி, எங்கு பார்த்தாலும் மணல். ஆனால் வீடு கட்டக் கொட்டிய மணற்குவியலையும் அது தனக்கென்றே கொட்டியதாக எண்ணுகிறது. குழந்தைகள் விளையாடும் மணலை மூடிவைப்பது அவசியம். சுனாமிக்குப் பிறகு எழுந்த காங்கிரீட் வீடுகளில் எலிக்குக் கூரை ஓலை இல்லாததால் பூனைக்கு வேலை குறைந்து, மொட்டைமாடியில் காயும் கருவாட்டின்மேல் நாட்டம் கூடியிருக்கிறது. ருசிகண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். உறியே இல்லாத வீட்டில் வலைத்துண்டால் மூடுவது தவிர வேறு உபாயமில்லை.

ஆகாரம்

பூனை முழுக்க முழுக்க மாமிசத்தைச் சார்ந்த ஜீவன். இனிப்பை உணரும் நாவுணர்வுக்கான மரபணு அதனிடம் செயலற்றுக் கிடக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாமையால், மாமிசமோ மீனோ கிடைக்காத பூனைக்கு நாளடைவில் கண்பார்வை மங்கும், இதயத் தசை நலியும். தயிர்சாதத்தால் மட்டுமே வளர்வதாக வீட்டார் பெருமையோடு சொல்லும் சைவப் பூனை, பல்லியையும் சுண்டெலியையும் வெளியில் பார்த்துக்கொள்வதால்தான் நலமாக இருக்கிறது.

கடலோர ஊரில் வேறு ஒரு தவறு நேர்கிறது: மீனைத் தவிர எதுவும் கொடாமை. நெத்திலி, மத்தி முதலிய சில மீன்களின் பச்சை உடலில் தயமின் என்னும் வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருப்பதால், அவற்றைப் பச்சையாகவே நாள்தோறும் தின்னும் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். கொழுப்பு மிகுந்த மத்தியையே ஓயாமல் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசு வீங்கி, தொட்டாலே அலறும் நோய் உண்டாகும். பாசமாக இருந்த பூனை தொடவிடாமல் சீறுகிறதென்றால் சுபாவம் மாறிவிட்டதென்று எண்ணுமுன் இத்தகைய நோவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகவைத்த மீனோடு கோழி ஈரல், கோழிக்கறி, முட்டை இவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பது நன்று. கருவாட்டின் உப்பு ஆகாது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை. பூனையும் பாலும் பிரியாதவை என்ற நம்பிக்கை கதைகளோடு நிற்கட்டும். குழந்தைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தைக் காய்ச்சல் கண்ட பூனைக்குக் கொடுப்பவர் அதனைக் கொன்றுவிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். மிகச் சிறிய அளவும் அதற்கு விஷம்.

கடியும் வியாதியும்

பூனைக்கும் வெறிநோய் வரும். கடித்தாலோ, இரத்தம் வரக் கீறினாலோ, அது நம் வீட்டுச் செல்லமே ஆயினும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே கட்டணமின்றிப் போடப்படுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் பூசிக் காயத்தை மூடுவது தவறு. பூனைக்கு மூன்று மாத வயதிலும் பின்னர் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது இந்த அச்சத்தைப் பெரிதும் குறைக்கும். பூனைப் பல் ஊசிபோல் நுண்ணியதாதலால் புண் வெளியில் சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருந்து சீழ்பிடிக்க இடமுண்டு. பூனைமுடி வயிற்றில் போனால் ஆஸ்துமா வரும் என்னும் பேச்சில் பாதி உண்மை: ஒவ்வாமைக்குக் காரணம் அதன் உமிழ்நீரிலும் தோற்சுரப்பிலும் உள்ள ஒரு புரதம், முடி அதைச் சுமந்து செல்லும் வாகனம். கருவுற்ற பெண்கள் பூனை மலத்தை அகற்றும் வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும்; அதில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் தொற்றும் பக்குவம் அடைய ஒரு நாளாவது செல்லுமாகையால், நாள்தோறும் அகற்றிவிடும் வீட்டில் அபாயம் குறைவு.

குட்டிகளும் பெருக்கமும்

பெட்டைப் பூனை ஆறு மாதத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, பருவமடைகிறது. கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள். ஆண்டில் இரண்டு மூன்று ஈறுகளும் உண்டு. ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கே தந்தையர் வெவ்வேறாக இருக்கக்கூடும். பாரதியார் 'முரசு' என்னும் பாட்டில் வெள்ளைப் பூனை ஒன்று பல நிறக் குட்டிகள் ஈன்றதாகச் சொல்லி மனிதர் யாவரும் சமம் என்று முடித்தது, விலங்கியலாரும் மறுக்க இயலாத காட்சியை வைத்துத்தான். குட்டியின் இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையுள்ள காலமே மனிதரோடு பழகும் குணம் உருவாகும் காலம். அப்போது அன்போடு கையாளப்பட்ட குட்டி ஆயுள் முழுவதும் மனிதரை நாடும். அக்காலத்தை விறகடுக்கின் பின்னால் யாரும் தொடாமல் கழித்த குட்டி பிற்பாடு எவ்வளவு மீன் போட்டாலும் எட்டியே நிற்கும். எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரித்தெடுத்த குட்டி, கடியின் அளவைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்காமல் வருவதால், முன்சொன்ன கடி உபத்திரவத்துக்கு வீட்டார் தாமே வித்திட்டவராகிறார்.

கடுவன் வாசற்கதவில் மூத்திரம் பீய்ச்சுவதும், பெட்டை குழந்தை அழுவதுபோல் இரவெல்லாம் ஓலமிடுவதும், ஊர்க் கடுவன்கள் கூரைமேல் சண்டையிடுவதும் கருத்தடை அறுவையால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்து மாதமளவில் கால்நடை மருத்துவரிடம் காட்டி அதைச் செய்துகொள்ளலாம். அதைச் செய்யாதவர்கள் செய்யும் மற்றொரு காரியம் கண்டிக்கத்தக்கது: வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் உப்பங்கழியோரத்தில் விட்டுவருவது. வளர்ந்த பூனையானால் வழி கண்டு வீடு திரும்பக்கூடும். கண் திறந்து சில வாரமே ஆன குட்டி பசியால் சாகும், பிழைத்ததோ கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் வாழும் அலையாத்திக் காட்டில் பறவைக் குஞ்சுகளைத் தின்று காட்டுயிராகிவிடும். பிராணிகளைப் பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்; முதற்குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. தொகை அற்பமென்று கருதிச் சாக்கைத் தேடாமல், குட்டி போடுமுன்பே தாய்ப்பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுமாறு பூனை வளர்ப்போரைக் கேட்டுக்கொள்கிறோம்.